காலையில் மட்டும் காரின் கீழே தெரியும் இளஞ்சிவப்பு ஈரம்: எங்கிருந்து கசிகிறது?

கேள்வி: தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அருகில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கற்பிக்கிறேன். என்னிடம் 2004ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட, ஓட்டோ கியர் கொண்ட ஜப்பானியக் கார் ஒன்று உள்ளது. கடந்த மூன்று வாரங்களாகக் காலையில் காரை எடுக்கும்போது, அது நின்ற இடத்தில், முன்பக்கம் இடது சக்கரத்துக்குச் சற்று உள்ளே, உள்ளங்கை அளவில் ஓர் ஈரம் தெரிகிறது. அது இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கிறது. தொட்டால் விரலில் இலேசாக வழுக்குகிறது. பாடசாலை முடிந்து மாலையில் திரும்பி வந்து இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்துப் பார்த்தாலும் அப்போது ஒரு சொட்டும் விழுவதில்லை. மறுநாள் விடிந்தால் மீண்டும் ஈரம் இருக்கிறது.

எங்கள் வீட்டு முற்றம் மேட்டிலிருந்து பாதையை நோக்கிச் சரிந்திருப்பதால் கார் எப்போதும் முகம் கீழ்நோக்கியே நிற்கும். மேலே தகரக் கூரை போட்டிருக்கிறேன். மழைத் தண்ணீர் நேரடியாக விழாது. ஏசி போடுவதே இல்லை என்பதால் இது ஏசித் தண்ணீர் அல்ல என்று நினைக்கிறேன்.

நகரத்தில் உள்ள ஒரு கராஜுக்கு இரண்டு முறை கொண்டு சென்றேன். முதல் முறை எஞ்சினைக் கழுவி, பள்ளத்தின் மேல் நிறுத்தி, அரை மணி நேரம் பார்த்துவிட்டு, எங்கும் கசிவு இல்லை என்றார்கள். இரண்டாம் முறை கியர்பொக்ஸ் சீல் போயிருக்கலாம், இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். கண்ணால் காணாத கசிவுக்காகக் கியர்பொக்ஸை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

மாதத்துக்கு ஒரு முறை அம்மாவைக் கிளினிக்குக்காக நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லிந்துலை, நானுஓயா ஏற்றத்தில் வயதான அம்மாவோடு வழியில் நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை. அயல் வீட்டு நாய்கள் வந்து அந்த ஈரத்தை நக்குவதையும் கண்டேன். அதனால் அது ஒயிலாக இருக்காதோ என்றும் ஒரு சந்தேகம் உண்டு. இதை எந்த முறையில் தேடிக் கண்டுபிடிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன்.

பதில்: அட்டனிலிருந்து, தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்

தம்பி, காரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நாய்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ஈரம் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டாக இருந்தால், அதில் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் என்ற பொருள் இருக்கும். அது இனிப்பாக இருப்பதால்தான் நாய்கள் தேடி வந்து நக்குகின்றன. சிறிதளவு உட்சென்றாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு அது. சிறு பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. இன்றே அந்த இடத்தில் மரத்தூளைக் கொட்டி உறிஞ்ச வைத்து அள்ளி எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். நக்கிய நாய் தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ அயலவரிடம் சொல்லி உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போகச் சொல்லுங்கள். பொறுத்திருந்து பார்க்கும் விடயம் அல்ல அது.

இனிக் காருக்கு வருகிறேன். இளஞ்சிவப்பு, சிவப்பு என்ற நிறத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஜப்பானியக் கார்கள் பலவற்றில் கூலன்ட் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். ஓட்டோ கியர் ஒயிலும் சிவப்புத்தான். பல கார்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் அதே ஒயிலைத்தான் ஊற்றுகிறார்கள். இது போதாதென்று, ஓட்டோ கியர் கார்கள் பலவற்றில் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய்கள் ரேடியேட்டரின் அடித் தொட்டிக்குள் சென்று திரும்புவதால், ரேடியேட்டரின் அருகே சிவப்பாக எதைக் கண்டாலும் அது இரண்டில் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. கராஜில் கியர்பொக்ஸ் மீது சந்தேகப்பட்டது இந்தக் குழப்பத்தால்தான் இருக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகத்தைத் தீர்க்காமல் இறக்கச் சொல்லியிருக்கக் கூடாது.

தீர்ப்பதற்குச் செலவே இல்லை. இன்று இரவு காரின் அடியில் வெள்ளைத் தாள் ஒன்றை அட்டைப் பெட்டியின் மட்டை மேல் விரித்து வையுங்கள். நான்கு சக்கரங்களும் எங்கே இருக்கின்றன என்று மட்டையில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காரை நகர்த்திய பிறகு சொட்டு எந்தப் பாகத்துக்குக் கீழே விழுந்தது என்பதை அந்தக் கோடுகள்தான் சொல்லும். காலையில் அந்தத் திரவத்தில் ஓரிரு சொட்டை ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் விடுங்கள். ஒயிலாக இருந்தால் மேலே மிதந்து வட்டம் வட்டமாக நிற்கும். கூலன்டாக இருந்தால் கரைந்து மறைந்துவிடும். தாளையும் வெயிலில் காய வையுங்கள். கூலன்ட் காய்ந்து சாயக் கறையை மட்டும் விட்டுச் செல்லும்; ஒயில் பட்ட இடமோ எத்தனை நாளானாலும் காயாமல், வெளிச்சத்துக்குப் பிடித்தால் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும். வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பழைய சாரதிகள் சிலரிடம் உண்டு. தயவு செய்து அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது, கசிவு விழும் இடமும் கசிவு தொடங்கும் இடமும் ஒன்றல்ல. நம்முடைய மலைநாட்டு முற்றங்களில் இதை இரட்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் கவர் ஒரு பீலியைப் போல வேலை செய்கிறது. பின்னால் எங்கோ ஒழுகியது அதன் மேல் விழுந்து, சரிவின் வழியே ஓடி, கவரின் தாழ்ந்த மூலையில் வந்து சொட்டும். ஆகவே, ஒரு நாள் காரைத் திருப்பி, முகம் மேட்டை நோக்கி இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள். ஈரம் அதே இடத்தில் இருந்தால் மூலம் அதற்கு நேர் மேலே இருக்கிறது. இடம் மாறினால் திரவம் எதன் மீதோ ஓடி வருகிறது என்று பொருள்.

கூலன்ட் போத்தலின் மட்டத்தையும் கியர் ஒயிலின் மட்டத்தையும் சரிவில் பார்க்காதீர்கள். பாடசாலை மைதானம் போன்ற சமதரையில் பார்த்து, போத்தலில் ஒட்டுநாடா ஒட்டித் திகதி எழுதி வையுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். காரின் கீழே புகுந்து பார்க்க வேண்டி வந்தால், சரிவில் ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள்.

பதில்: இறம்பொடையிலிருந்து, ஒரு வேன் சாரதி

சேர், ஐயா சொன்ன சோதனைகள் எல்லாம் சரியானவை. ஆனால் அவற்றுக்கு முன்னால் பிரேக் ஒயில் போத்தலை ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். தண்ணீர்ச் சோதனையில் பிரேக் ஒயிலும் கரைந்துவிடும் என்பதால், கரைந்தது என்பதற்காக அது கூலன்ட்தான் என்று முடிவு செய்துவிட முடியாது. பிரேக் ஒயில் பொதுவாக நிறமற்றதாகவோ இளமஞ்சளாகவோ பழையதானால் பழுப்பாகவோ இருக்கும். கார்ப் பூச்சில் பட்டால் பூச்சையே உரித்துவிடும். உங்களுடையது இளஞ்சிவப்பு என்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவுதான். இருந்தாலும் நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே டயரின் உள் சுவர் ஈரமாக இருந்தாலோ, பிரேக் மிதி வழக்கத்தை விடக் கீழே இறங்கினாலோ, காரை அந்த இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. மெக்கானிக்கைத்தான் வீட்டுக்கு அழைக்க வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் பாதையில் பல வருடங்களாக வேன் ஓட்டுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸாக இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டை எட்டுவது கடினம் அல்ல. எங்கள் மலைகளின் மழையிலும் பனியிலும் ஈரம் ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்? ஆகவே மட்டம் சரியாக இருந்தாலும், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதையும் பாருங்கள். நான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் மாற்றுகிறேன்.

கேட்டவரின் மறுமொழி: தலவாக்கலை

ஐயாவுக்கும் சாரதி அண்ணனுக்கும் மிக்க நன்றி. அயல் வீட்டாரிடம் அன்றே சொல்லி, இடத்தைக் கழுவிவிட்டேன். நாய்கள் நலமாக இருக்கின்றன. இப்போது இரவில் காரைச் சுற்றிப் பலகை வைத்து மறைக்கிறேன்.

பிரேக் போத்தலின் மட்டம் குறையவில்லை. சக்கரங்களின் உட்புறம் காய்ந்து கிடக்கிறது. கிளாஸ் தண்ணீரில் விட்ட சொட்டு உடனே கரைந்துவிட்டது. தாள் காய்ந்து, ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் மட்டும் மிஞ்சியது. மைதானத்தில் நிறுத்திப் பார்த்தபோது கியர் ஒயில் சரியான அளவில் இருந்தது. கூலன்ட் போத்தலில் மட்டம் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. ஆகவே இது கூலன்ட் என்பது உறுதியாகிவிட்டது. கியர்பொக்ஸ் தப்பியது என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் அடுத்த சோதனை என்னைக் குழப்பிவிட்டது. காரைத் திருப்பி நிறுத்தியபோது முன்பக்கத்து ஈரம் அடியோடு மறைந்து, சாரதி ஆசனத்துக்குச் சற்று முன்னால், காரின் நடுப் பகுதியில் தோன்றியது. ரேடியேட்டரையும் அதன் மேல், கீழ் ஹோஸ்களையும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. கராஜில் காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோதும் ஒரு சொட்டும் விழாதது ஏன் என்பதே எனக்கு இன்னும் விளங்கவில்லை. எஞ்சின் ஓடும்போது அழுத்தம் கூடுதலாக இருக்கும் அல்லவா? அப்போது கசியாதது குளிர்ந்து நிற்கும்போது ஏன் கசிய வேண்டும்?

பதில்: பண்டாரவளையிலிருந்து, கராஜ் நடத்துபவர்

ஆசிரியரின் கடைசிக் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. கசிவுகளில் சூட்டில் ஒழுகுபவை ஒரு வகை. குளிரில் ஒழுகுபவை இன்னொரு வகை. உங்கள் வீட்டிலிருந்து நகரத்து கராஜுக்குக் கார் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடேறிவிடுகிறது. சூட்டில் இறப்பர் ஹோஸும் அது மாட்டியிருக்கும் உலோகக் குழாயும் விரிந்து கிளிப்புக்குள் இறுகிக்கொள்வதால், அழுத்தம் ஏறியும் கூலன்ட் வெளியே வர வழியில்லை. இரவில் எஞ்சின் முழுவதும் குளிர்ந்து எல்லாம் சுருங்கும்போது அந்த இறுக்கம் தளர்ந்து, போத்தலில் நிற்கும் கூலன்டின் பாரமே சொட்டுச் சொட்டாக அதைத் தள்ளிவிடுகிறது. தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் விடியற்காலைக் குளிர் கொழும்பு கார் ஒன்று ஒருபோதும் அனுபவிக்காத அளவுக்கு இருக்கும். கொழும்பிலிருந்து வாங்கி இங்கே கொண்டு வந்த கார்களில் முதல் வருடத்திலேயே இந்தக் குளிர்க் கசிவு தலைகாட்டுவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

இடம் எது என்பதற்கும் உங்கள் திருப்பு சோதனை நல்ல குறிப்பைத் தந்துவிட்டது. முகம் கீழே இருந்தபோது முன்னாலும், முகம் மேலே இருந்தபோது பின்னாலும் சொட்டியது என்றால், மூலம் இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் காரின் மிக முன்னால் இருக்கிறது. அங்கிருந்து ஒழுகுவது சாரதி ஆசனம் வரை வருவது அரிது. எனக்குச் சந்தேகம் ஹீட்டர் ஹோஸ்கள் மீதுதான். எஞ்சினின் பின்புறத்திலிருந்து, எஞ்சின் அறைக்கும் ஆசனப் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவருக்குச் செல்லும் விரல் தடிப்பான இரண்டு ஹோஸ்கள் அவை; காரின் உள்ளே சூடு தரும் ஹீட்டருக்குக் கூலன்ட் அவற்றின் வழியேதான் போய் வரும். கீழ்நாட்டில் ஹீட்டரை யாரும் தேடுவதில்லை என்பதால் பல மெக்கானிக்மாருக்கு அவை நினைவுக்கே வருவதில்லை. அடுத்த சந்தேகம் வோட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு, உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியே வெளிவரும். பம்ப் என்றால் சூட்டிலும் கசிவு தெரிந்திருக்கும் என்பதால் அதை இரண்டாவதாக வைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்தக் காரில் எப்போதாவது கூலன்ட் ஹோஸ் மாற்றினீர்களா? ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பூட்டி அனுப்புவது பெரும்பாலும் ஸ்பிரிங் கிளிப். அது ஹோஸ் சுருங்கினால் தானும் சுருங்கி, விரிந்தால் தானும் விரிந்து, எப்போதும் ஒரே இறுக்கத்தில் பிடித்திருக்கும். ஹோஸ் மாற்றும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்குரூ கிளிப்பைப் போடுவது எங்கள் தொழிலில் பரவலாகிவிட்டது. ஸ்குரூ கிளிப் முறுக்கிய அளவிலேயே நிற்கும். சில மாதங்களில் இறப்பர் அழுந்திப் படிந்துவிட்ட பிறகு, குளிரில் அதற்கும் ஹோஸுக்கும் நடுவே பிடிப்புக் குறைகிறது.

காலையில், எஞ்சினைத் தொடங்குவதற்கு முன்பே, போனட்டைத் திறந்து அந்த இரண்டு ஹோஸ்களின் முனைகளையும் டோர்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். ஈரத்தைத் தேடுவதை விட, காய்ந்த உப்புப் படிவைத் தேடுங்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு பொருக்கு படிந்திருக்கும். பிறகு ஒருவரை எஞ்சினைத் தொடங்கச் சொல்லி, கைகளையும் உடையையும் பெல்ட், மின்விசிறி ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, முதல் இரண்டு நிமிடம் பாருங்கள். பம்ப் கூலன்டைத் தள்ளத் தொடங்கியும் ஹோஸ் இன்னும் குளிர்ந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில்தான் இப்படிப்பட்ட கசிவு கண்ணுக்கு அகப்படும். முன் ஆசனத்தின் கால் பக்கக் கம்பளத்தையும் தூக்கிப் பாருங்கள். அது ஈரமாகி, ஹீட்டர் போடும்போது இனிப்பு மணமும் கண்ணாடியில் பிசுபிசுப்பான மங்கல் படலமும் வந்தால், ஹோஸ் அல்ல, உள்ளே இருக்கும் ஹீட்டரே கசிகிறது என்று பொருள்.

கண்டுபிடிக்க முடியாவிட்டால், காரை இரவு முழுவதும் கராஜில் விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் வாயில் கைப் பம்ப் பூட்டி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் அழுத்தம் கொடுக்கக் கூடாது. மூடியையும் அதே கருவியில் சோதிக்கலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். சூடான கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தேர்மோஸ்டட் திறப்பதோ பொதுவாக 82 முதல் 88 பாகையில். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு சிறிய இடைவெளி என்று பாருங்கள். அழுத்த அளவு 1.1 என்று எழுதிய நல்ல மூடி, அழுத்தத்தைப் பிடித்து வைத்து, அந்தக் கொதிநிலையை 20 பாகைக்கும் மேலாக உயர்த்துகிறது. அம்மாவோடு நானுஓயா ஏற்றம் ஏறப் போகிறவருக்கு அந்த மூடி மிக முக்கியம்.

பதில்: இறம்பொடையிலிருந்து, வேன் சாரதி

எங்கள் பக்கத்தில் சிலர் ரேடியேட்டரில் கசிவை அடைக்கும் தூளைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அவசரத்துக்கு அதைப் போடலாம் அல்லவா?

பதில்: பண்டாரவளையிலிருந்து, கராஜ் நடத்துபவர்

தம்பி, அந்தத் தூளுக்குக் கசிவு எது, ஹீட்டரின் மெல்லிய குழாய் எது என்று பிரித்தறியத் தெரியாது. நடுவழியில் அகப்பட்டவர் வீடு சேர்வதற்காகப் போட்டால் நான் மறுக்க மாட்டேன். வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு, அதுவும் கிளிப் தளர்ச்சி என்று சந்தேகிக்கும்போது, போடவே கூடாது. அதே போல, குறைந்த மட்டத்தை நிரப்ப வழியோரப் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். இங்கே தண்ணீர் உறையாது என்பதால் கூலன்ட் வீண் செலவு என்று பலர் எண்ணுகிறார்கள். துரு ஏறாமல் காக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீரால் கெட்டுப்போன அலுமினியக் குழாய் முனைகளை வாரந்தோறும் பார்க்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி: தலவாக்கலை

இன்று காலை ஐந்தரை மணிக்கு, மூச்சு வெண்புகையாக வெளிவரும் குளிரில், தம்பியை டோர்ச் பிடிக்க வைத்துப் பார்த்தேன். தகட்டுச் சுவரின் அருகே, கீழே இருக்கும் ஹீட்டர் ஹோஸின் முனையில் கிளிப்பைச் சுற்றி வெளிர் சிவப்பாக ஒரு பொருக்கு படிந்திருந்தது. எஞ்சினைத் தொடங்கிய சில விநாடிகளில் அதன் அடியில் ஒரு துளி திரண்டு, விழுந்து, கியர்பொக்ஸின் மேற்புறத்தில் ஓடி மறைந்தது. அது ஸ்குரூ கிளிப். கடந்த வருடம் வேறொரு கராஜில் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் மாற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பத்து நிமிடம் எஞ்சின் ஓடிய பின் மீண்டும் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே அந்த இடம் முற்றாகக் காய்ந்துவிட்டது. கியர்பொக்ஸ் சீல் என்று அவர்கள் நினைத்ததற்கும் காரணம் விளங்கியது, திரவம் அதன் மேல்தான் ஓடியிருக்கிறது.

எஞ்சின் குளிரும் வரை காத்திருந்து, மாலையில் எங்கள் தோட்டத்து மெக்கானிக் ஒருவர் ஹோஸைக் கழற்றினார். முனை அழுந்திப் பள்ளம் விழுந்திருந்ததால், ஒரு சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு, சரியான அளவில் ஸ்பிரிங் கிளிப் போட்டுப் பூட்டினார். மற்ற முனைகளுக்கும் அதையே போட்டார். குறைந்த அளவுக்கு அதே வகை கூலன்டை ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்றினார். ரேடியேட்டர் மூடியின் இறப்பர் வெடித்திருந்ததால் அதையும் மாற்றிவிட்டோம். எல்லாவற்றுக்கும் ஆன செலவு, கியர்பொக்ஸை இறக்கக் கேட்ட தொகையில் மிகச் சிறு பங்குதான்.

வெள்ளைத் தாளை இன்னும் ஒரு வாரத்துக்கு இரவுதோறும் விரித்து வைக்கப் போகிறேன். அம்மாவின் கிளினிக் அடுத்த செவ்வாய்க்கிழமை. அதற்குள் மூன்று காலைகள் தொடர்ந்து தாள் காய்ந்திருந்தால் காரிலேயே அழைத்துச் செல்வேன், இல்லாவிட்டால் பஸ்ஸில் போவோம்.

பதில்: அட்டனிலிருந்து, ஓய்வு பெற்ற பிட்டர்

நல்லது தம்பி. புறப்படும் அன்று காலையில் போத்தலின் மட்டத்தையும் ஒட்டுநாடாவில் எழுதிக்கொள்ளுங்கள். நுவரெலியா போய்த் திரும்பி, மறுநாள் எஞ்சின் குளிர்ந்த பின் அதே மைதானத்தில் நிறுத்திப் பாருங்கள். காற்று வெளியேறியதால் முதல் ஓட்டத்தில் சற்றுக் குறைவது இயல்பு. இரண்டாம் முறையும் குறைந்தால் இங்கே எழுதுங்கள், வோட்டர் பம்பை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.